வலது காது: செம்பனை ஆலையில் ஒரு பயிற்சி மாணவி (நிகழ்வு ஆய்வு)

ஏழாவது வாரம் ஆலையிலிருந்து இடைக்கால மதிப்பீட்டுத் தாள் வந்தது. குறிப்புப் பகுதியில் மூன்று வரிகள். கவனம் போதவில்லை. காதடைப்பான் போடச் சொன்னால் ஒழுங்காகப் போடுவதில்லை. எதற்கும் ‘சரி சார்’ என்கிறார், ஆனால் சொன்னதைச் செய்வதில்லை.

நான் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் வேதிச் செயல்முறைப் பாடம் நடத்துகிறேன். டிப்ளோமாவின் கடைசிப் பருவத்தில் எங்கள் மாணவர்கள் 20 வாரம் ‘பிராக்டிகல்’, அதாவது வேலையிடப் பயிற்சிக்குப் போவார்கள். நடுவில் ஒரு முறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருவது என் வேலை. இந்த மாணவியை நான்கு பருவங்களாகத் தெரியும். ஆய்வுக்கூடத்தில் அவள் எடுத்த அளவுகளை மறுபடி சரிபார்க்கத் தேவையே இருந்ததில்லை. அதனால் அந்த மூன்று வரிகளும் வேறு யாரையோ பற்றி எழுதியவை போலத் தெரிந்தன. இதை எழுத அவளிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். அவளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

இடம், மலேசியாவில் தெலுக் இந்தானைத் தாண்டி ஹிலிர் பேராக் வட்டாரத்தின் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டங்களுக்கு நடுவே ஒரு சிறிய பட்டணம். மாரியம்மன் கோயில், தமிழ்ப்பள்ளி, நான்கைந்து கடைகள். மீதியெல்லாம் செம்பனை. பழக்குலை ஏற்றிய லாரிகள் எல்லாம் கடைசியில் போய் நிற்பது அந்த ஆலையில்தான். மணிக்கு 60 டன் குலை அரைக்கும் ஆலை. குலைகளை நீராவியில் வேகவைத்து, பழத்தை உதிர்த்து, மசித்து, பிரஸ்ஸில் பிழிந்து எண்ணெய் எடுக்கிறார்கள். மாணவிக்கு லேப்பில் வேலை. பிழிந்த நாரில் எவ்வளவு எண்ணெய் தங்கிப்போகிறது என்று பார்ப்பது, எண்ணெயின் அமிலத்தன்மையை அளப்பது, லாரிகள் வந்து கொட்டும் ரேம்ப்பில் இறங்கும் குலைகளில் எது பழுத்தது எது காய் என்று தரம் பிரிப்பது.

நான் போன அன்று ஆலை முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. உதவிப் பொறியாளரைப் பார்ப்பதற்கு முன்னால் அவளோடு தனியாகப் பேசலாம் என்று கேன்டீனுக்கு நடந்தோம். நான் அவளுக்கு வலப்பக்கம் நடந்தேன்.

“சாப்பாடெல்லாம் எப்படிம்மா?” என்று கேட்டேன். பதில் இல்லை.

“வீட்டுக்கு எப்படிப் போறே?” அதற்கும் இல்லை. முகம் மட்டும் சிரித்தபடி இருந்தது.

எதிரே லாரி ஒன்று வந்ததால் நான் ஒதுங்கி அவளுக்கு இடப்பக்கம் போனேன். அதே கேள்வியைத் திரும்பக் கேட்டேன். “அப்பா மோட்டார்ல வந்து ஏத்திக்குவாரு மேடம்,” என்றாள் உடனே.

கேன்டீனில் உட்கார்ந்ததும் நேராகவே கேட்டுவிட்டேன். “உனக்கு வலது காது கேக்குமாம்மா?”

கையிலிருந்த மைலோ டம்ளரைக் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டே இருந்தாள். “கேக்காது மேடம்.”

நான்கு பருவங்கள் அவள் வகுப்பில் வலது ஓரத்து இருக்கையில்தான் உட்கார்ந்திருந்தாள். வகுப்பு முழுவதும் இடது காதுப் பக்கம் வரும்படி பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஓரமாக உட்காரும் அமைதியான பெண் என்றே நான் நினைத்திருந்தேன். ஆறு வயதிலிருந்து வலது காதில் சீழ் வடிந்துகொண்டிருந்ததாம். வைத்தியம் பார்த்தும் கேட்கும் திறன் பெரும்பாலும் போய்விட்டது. சீழும் முழுதாக நிற்கவில்லை. காதில் ஈரம் பட்டாலோ, எதையாவது அடைத்தாலோ திரும்ப வரும்.

அந்த ஒரு மணி நேரத்தில் அவள் சொன்னதை வைத்து, மதிப்பீட்டுத் தாளின் மூன்று வரிகளையும் ஒவ்வொன்றாகத் திரும்பப் படிக்க முடிந்தது.

காதடைப்பான்

இரண்டாவது வாரம். பிரஸ் பகுதிக்குள் போகும்போது எல்லோருக்கும் ஃபோம் அடைப்பான் கொடுப்பார்கள். அவள் இடது காதில் மட்டும் போட்டுக்கொண்டாள். வலது காதில் போட்டால் சீழ் வரும் என்று அவளுக்குத் தெரியும். பொறியாளர் பார்த்துவிட்டு, எல்லோர் முன்னாலும், “ரெண்டு காதுலயும் போடணும்னு தெரியாதா?” என்று கேட்டார். கேட்டதில் தப்பில்லை. மலேசியாவின் 2019 இரைச்சல் விதிமுறைகளின்படி ஒருவர் ஒரு நாளில் எதிர்கொள்ளும் சராசரி இரைச்சல் 85 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது. தாண்டும் இடத்தில் காதுப் பாதுகாப்பு கட்டாயம். அவர் விதியைத்தான் சொன்னார்.

அவள் “சரி சார்” என்றாள். வலது காதிலும் போட்டாள். மூன்றாம் நாள் சீழ் வடிந்தது, வலி தாங்கவில்லை, இரண்டு நாள் எம்சி (மருத்துவ விடுப்பு) எடுத்தாள். ஆலையில் காய்ச்சல் என்று சொல்லிவிட்டாள். திரும்பி வந்ததும் பழையபடி ஒரு காதில் மட்டும் போட்டாள், கூந்தலால் மறுகாதை மறைத்துக்கொண்டு. அதையும் பொறியாளர் கவனித்திருக்கிறார்.

இதற்குத் தீர்வு எப்போதும் பத்தடி தூரத்தில் இருந்தது என்பதுதான் எனக்கு வருத்தம். காதுக்குள் நுழைக்காமல் மேலே மூடும் இயர்மஃப் அந்த ஆலையின் ஸ்டோரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. கேட்டிருந்தால் அன்றைக்கே கையில் கிடைத்திருக்கும்.

மூன்றும் ஐந்தும்

ஐந்தாவது வாரம். ஆலையில் ஐந்து பிரஸ்கள். மூன்றாம் பிரஸ்ஸின் திருகு தேய்ந்திருக்குமோ என்று பொறியாளருக்குச் சந்தேகம். திருகு தேய்ந்தால் பிழிவு சரியாக இருக்காது, எண்ணெய் நாரோடு போய்விடும். வாக்கி-டாக்கியில் மாதிரி எடுக்கச் சொன்னார். இந்தோனேசியர், வங்காளதேசத்தவர், நேப்பாளியர், நம்மவர் என எல்லோரும் வேலை செய்யும் இடம் என்பதால் வாக்கி-டாக்கி பேச்சு மலாயில்தான். அவர் சொன்னது ‘தீகா’, மூன்று. அவள் காதில் விழுந்தது ‘லீமா’, ஐந்து.

இரண்டு சொல்லையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். உயிர் ஒலி இரண்டிலும் ஒன்றுதான். மாறுவது மெய்யெழுத்துகள் மட்டும். மெய்யொலிகளைப் பிரித்துக் காட்டும் மெல்லிய கூரொலிகளைத்தான் இயந்திர இரைச்சல் முதலில் விழுங்கும். இரண்டு காதும் நன்றாக இருப்பவருக்கு மூளை இரண்டு பக்கத்திலிருந்து வருவதையும் ஒப்பிட்டு, இரைச்சலிலிருந்து பேச்சைக் கொஞ்சமாவது பிரித்தெடுக்கும். ஒரு காது மட்டும் உள்ளவருக்கு அந்த வசதி இல்லை. சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதும் சரியாகத் தெரியாது.

அவளுக்குச் சந்தேகம் இருந்திருக்கிறது. திரும்பக் கேட்கலாம் என்று பட்டனில் கை வைத்தாளாம். முன்பு ஒருமுறை திரும்பக் கேட்டபோது யாரோ சலித்துக்கொண்டது நினைவுக்கு வந்திருக்கிறது. “சரி சார்” என்று சொல்லிவிட்டு ஐந்தாம் பிரஸ்ஸுக்குப் போனாள்.

நார் மாதிரியை உலர்த்தி, எடை போட்டு, சாக்ஸ்லெட் கருவியில் ஹெக்சேன் கரைப்பானை மணிக்கணக்கில் ஓடவிட்டு எண்ணெயைப் பிரிக்க வேண்டும். முடிவு மறுநாள்தான் கைக்கு வரும். வந்தது. எல்லாம் சரி, எண்ணெய் இழப்பு குறைவு. மூன்றாம் பிரஸ் நன்றாக இருக்கிறது என்று எண்ணி மேலும் இரண்டு ஷிப்ட் ஓட்டினார்கள். நாரோடு போன எண்ணெய் போனதுதான். எண் தவறு பிறகுதான் தெரிந்தது. ‘கவனம் போதவில்லை’ என்ற வரி அங்கிருந்து வந்தது.

சொல்லாமல் விட்ட இன்னொன்று

இந்த இரண்டையும் சொல்லி முடித்த பிறகு சற்று நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் ரேம்ப்பில் நடந்ததைச் சொன்னாள்.

குலைகளைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். குனிந்து காம்பு வெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வலப்பக்கத்திலிருந்து குலை அள்ளும் லோடர் வண்டி பின்னோக்கி வந்திருக்கிறது. பின்னோக்கி வரும்போது அது எழுப்பும் எச்சரிக்கை ஒலி அவளுக்குக் கேட்கவே இல்லை. பக்கத்திலிருந்த வங்காளதேசத் தொழிலாளி அவளுடைய பாதுகாப்பு மேலங்கியைப் பிடித்து இழுத்தார். மேலங்கியின் ஓரம் கிழிந்தது. அவ்வளவுதான் நடந்தது.

“யாருகிட்டயாவது சொன்னியா?”

“இல்ல மேடம். சொன்னா, ஏன் கேக்கலன்னு கேப்பாங்க.”

இந்த வாக்கியத்தை நான் அன்றிரவு வீடு திரும்பிய பிறகும் நினைத்துக்கொண்டே இருந்தேன். மேலங்கியை அவள் அம்மாவுக்குத் தெரியாமல் தானே தைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஏன் வாய் திறக்கவில்லை

கூச்ச சுபாவம் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அவள் தோழிகளோடு இருக்கும்போது நன்றாகப் பேசுகிற பெண்.

அவளுடைய அம்மா சொல்லி அனுப்பியது இரண்டு. ஒன்று, போற எடத்துல வாய அடக்கிட்டு இரு, நல்ல பேரோட வா. இரண்டு, காது விஷயத்தை யாருகிட்டயும் சொல்லாதே, நாளைக்குப் பொண்ணு கேட்டு வர்றவங்க காதுக்குப் போயிடும். பட்டணம் சிறியது. ஆலையில் வேலை செய்பவர்களில் பாதிப்பேர் அவளுடைய அப்பாவுக்குத் தெரிந்தவர்கள். அம்மாவின் பயம் வெறும் பயமும் இல்லை.

இதற்குப் பின்னால் இன்னும் பழைய ஒன்று இருக்கிறது. என் பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். பெரட்டில், அதாவது காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், பெயர் கூப்பிட்டால் தலை குனிந்துதான் நிற்க வேண்டும் என்பார். சைக்கிளில் போகும் தொழிலாளி எதிரே தோட்டத் துரையையோ கணக்குப் பார்க்கும் கிராணியையோ கண்டால் இறங்கி நடக்க வேண்டிய காலம் ஒன்று இருந்தது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலை நிறுத்தம் வெடித்தபோது, கூலி உயர்வோடு சேர்த்து வைத்த கோரிக்கைகளில் சைக்கிளை விட்டு இறங்க வைக்கும் இந்த வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்பதும் ஒன்று. முன்னின்ற ஆர்.எச்.நாதனைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். தோட்டத்தில் பிறந்த குடும்பங்களில் ‘கேட்டால் என்ன ஆகும்’ என்ற கேள்விக்கு இப்படிப்பட்ட பதில்கள் சேர்ந்து கிடக்கின்றன. நினைவு போனாலும் பழக்கம் போகவில்லை.

இதில் எனக்கும் பங்கு உண்டு. பிராக்டிகல் போவதற்கு முன் நடக்கும் விளக்கக் கூட்டத்தில் நான்தான் பேசினேன். நேரத்துக்குப் போங்கள், எதிர்த்துப் பேசாதீர்கள், கல்லூரியின் பெயரைக் காப்பாற்றுங்கள். முக்கால் மணி நேரம் பேசியதில், உங்களுக்கு ஏதாவது தேவைப்பட்டால் எப்படிக் கேட்பது என்று ஒரு வார்த்தைகூட இல்லை. அம்மா சொன்னதையே நானும் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

வாக்கியத்தைத் தேடியது

பொறியாளரிடம் நானே சொல்லிவிடலாமா என்று முதலில் தோன்றியது. ஐந்து நிமிட வேலை. ஆனால் இன்னும் 13 வாரம் அவள்தான் அங்கே இருக்கப்போகிறாள். அதற்கப்புறம் வேறு ஆலை, வேறு ஆள். சொல்வதா வேண்டாமா என்பதையும் அவள்தான் முடிவு செய்ய வேண்டும். கேட்டேன். யோசித்துவிட்டு, “நானே சொல்றேன் மேடம், நீங்க பக்கத்துல இருங்க,” என்றாள்.

கேன்டீனிலேயே ஒத்திகை பார்த்தோம். நான் பொறியாளர், அவள் அவளே. முதல் முறை இப்படி வந்தது: “சார், மன்னிச்சிக்கோங்க, எனக்குக் கொஞ்சம் காது பிரச்சனை, பரவால்ல சார், நான் சமாளிச்சிக்கிறேன்.” இதைக் கேட்கும் ஒருவர் என்ன செய்ய முடியும்? தலையாட்டிவிட்டுப் போவார். அதில் கேள்வியே இல்லை, கேட்பதற்கு முன்பே அவள் தன் தேவையைத் திருப்பி எடுத்துக்கொண்டுவிட்டாள்.

இரண்டாம் முறை எதிர்த்திசையில் போனது. ஆறு வயதிலிருந்து தொடங்கி, எந்த மருத்துவமனை, என்ன சொட்டு மருந்து, எத்தனை முறை சீழ் என்று எல்லாம் வந்தது. நடுவில் அழுகையும் வந்தது. நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அதையும் யாராவது ஒரு நாள் கேட்கத்தான் வேண்டும். ஆனால் பொறியாளருக்கு அவ்வளவு தேவையில்லை. காதின் வரலாறு அவளுடையது, விரும்பினால் வைத்துக்கொள்ளலாம். வேலைக்குத் தேவையானதை மட்டும் சொன்னால் போதும் என்றேன். அது அவளுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. சொல்வதென்றால் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும் என்றே நினைத்திருக்கிறாள்.

அப்புறம் தாளை எடுத்து எழுதினோம். எந்த வேலையில் இடிக்கிறது, ஏன், என்ன கிடைத்தால் சரியாகும். நான்காவது முறை வந்தது இது:

“சார், எனக்கு வலது காது கேக்காது, இடது காது நல்லா கேக்கும். பிரஸ் பக்கத்துல வாக்கி-டாக்கியில சொல்ற நம்பர் எனக்குத் தப்பா விழுது. மாதிரி எடுக்கச் சொல்றப்ப நம்பரை எழுதிக் குடுங்க சார். ஃபோம் போட்டா எனக்குக் காதுல சீழ் வருது, அதுக்குப் பதிலா இயர்மஃப் வேணும். ரேம்ப்ல லோடர் ஓடுறப்ப நான் நிக்கிற எடத்தை மாத்தணும்.”

‘வேணும்’, ‘மாத்தணும்’ என்ற சொற்கள் அவள் வாயில் எளிதாக வரவில்லை. ‘முடிஞ்சா’, ‘கஷ்டம் இல்லன்னா’ என்று நடுவே நடுவே நுழைந்துகொண்டே இருந்தன. பணிவை நான் எடுக்கச் சொல்லவில்லை. ‘சார்’ இருக்கட்டும், ‘தயவுசெய்து’ வேண்டுமானால் இருக்கட்டும். பாதுகாப்பு விஷயத்தில் ‘முடிஞ்சா’ மட்டும் வேண்டாம் என்றேன்.

இன்னொன்றையும் ஒத்திகை பார்த்தோம். ‘ஏன் முதல் நாளே சொல்லல?’ என்ற கேள்வி கட்டாயம் வரும். அதற்குப் பதில் கையில் இல்லாவிட்டால் அந்த இடத்தில்தான் உடைந்துபோவாள்.

சட்டமும் அவள் பக்கம்தான் இருந்தது. 1994 வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், அதாவது சட்டம் 514, ஊழியர்களுக்கு மட்டுமல்லாமல் ஊழியர் அல்லாத மற்றவர்களுக்கும் ஆபத்து வராமல் பார்க்க வேண்டிய கடமையை 17-வது பிரிவில் முதலாளி மீது வைக்கிறது. ஆகவே பயிற்சி மாணவி ஊழியரா இல்லையா என்று வாதாடத் தேவையில்லை. 2024 ஜூன் 1-இல் நடப்புக்கு வந்த திருத்தம், உடனடி ஆபத்து இருந்தால் அந்த இடத்தை விட்டு விலகும் உரிமையை ஊழியருக்குத் தெளிவாகவே கொடுத்திருக்கிறது. இதெல்லாம் அவளுக்குத் தெரிய வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். மேசையில் முதலில் வைக்க வேண்டாம் என்றும் சொன்னேன். கேட்டுப் பார்க்காத ஒன்றுக்குச் சட்டத்தைக் காட்டினால், கேட்டதும் கொடுத்திருக்கக்கூடியவரும் முறைப்பார்.

சந்திப்பு

பொறியாளர் முப்பது வயதுக்குள் இருக்கும் தமிழர். அறையில் அவள் அவருடைய வலப்பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தாள், இடது காது அவர் பக்கம் வரும்படி. சொன்னாள். குரல் நடுங்கியது. இரண்டாவது வாக்கியத்தில் ஒரு ‘பரவால்ல’ எட்டிப்பார்த்தது, அவளே நிறுத்திக்கொண்டாள்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, நாங்கள் எதிர்பார்த்தபடியே, “ஏம்மா முதல் நாளே சொல்லல?”

“சொன்னா லேப்ல வேலை குடுக்க மாட்டீங்கன்னு பயந்தேன் சார். இப்ப சொல்றேன்.”

இயர்மஃப் அரை மணி நேரத்தில் வந்தது. நம்பரை வாட்சாப்பில் அனுப்பலாம் என்று நான்தான் சொன்னேன், அது நடக்கவில்லை. இயந்திரப் பகுதிக்குள் கைப்பேசி கூடாது என்பது ஆலை விதி. அதற்கு லேப்பில் 20 வருடமாக வேலை செய்யும் அண்ணன் ஒரு வழி சொன்னார். மாதிரி எடுக்கும் ஒவ்வொரு முறையும் பிரஸ் எண்ணும் நேரமும் எழுதிய சீட்டு ஒன்றைப் பையோடு அனுப்புவது. வாக்கி-டாக்கியில் சொல்லியே ஆக வேண்டுமென்றால், கேட்டவர் அந்த எண்ணைத் திருப்பிச் சொல்லி, சொன்னவர் ‘ஆமாம்’ என்ற பிறகுதான் நகர்வது. இது அவளுக்கு மட்டும் உதவவில்லை. மலாய் இன்னும் சரளமாக வராத புதிய வெளிநாட்டுத் தொழிலாளர்களும் சீட்டைக் கேட்க ஆரம்பித்தார்கள் என்று பிறகு அந்த அண்ணன் என்னிடம் சொன்னார்.

ரேம்ப்பில் லோடர் ஓட்டுநருக்கு நேரே தெரியும்படி அவள் நிற்க வேண்டிய இடத்தை மஞ்சள் சாயத்தால் கோடு போட்டார்கள். ஓட்டுநர் கை காட்டிய பிறகுதான் அவள் கோட்டைத் தாண்டுவாள்.

கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை. கொதிகலன் பகுதியில் இரண்டு வாரம் இருந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்றும் கேட்டாள். அவளுக்கு அதில்தான் ஆசை. பொறியாளர் முடியாது என்றார். இருக்கும் ஒரு காதையும் அந்த இரைச்சலில் வைக்க மாட்டேன் என்றார். அவருடைய காரணத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன், ஆனாலும் அவளுக்காக வருத்தமாக இருந்தது. பதிலுக்குக் கழிவுநீர்க் குளங்களின் மாதிரி வேலையைக் கொடுத்தார். அவள் முகம் வாடியது. “சரி சார்,” என்றாள். கதவு வரை போனவள் திரும்பி நின்று, “சார், கொதிகலன் லாக் புக்கையாவது நான் லேப்ல உக்காந்து படிக்கலாமா?” என்று கேட்டாள். அந்தக் கேள்வி ஒத்திகையில் இல்லை. அவர் சரி என்றார்.

பிறகு

அரசு மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் கேட்புத் திறன் சோதனை செய்துகொண்டாள். இடது காது நன்றாக இருக்கிறது. கடிதத்தின் ஒரு படியை ஆலைக்குக் கொடுத்தாள், ஒன்றைத் தன் கோப்பில் வைத்திருக்கிறாள்.

20-ஆவது வாரத்தின் இறுதி மதிப்பீட்டில் பாதுகாப்புக்கும் வேலைத் துல்லியத்துக்கும் நல்ல மதிப்பெண். தொடர்புத்திறனுக்கு மட்டும் ‘மிதம்’. காரணம் கேட்டேன். “எதையும் ஒருமுறைக்கு ரெண்டு முறை கேட்டுத்தான் செய்றாங்க,” என்றார் பொறியாளர். நல்ல மனிதர், ஆனால் இதில் நான் அவரோடு உடன்படவில்லை. இரைச்சலுக்கு நடுவே எண்ணைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்வதுதான் தொடர்புத்திறன். அப்படியே எழுதி அவளுடைய கோப்பில் சேர்த்திருக்கிறேன். மதிப்பெண் மாறவில்லை.

எங்கள் விளக்கக் கூட்டத்தில் இப்போது ஒரு மணி நேரம், தேவையானதை வாய்விட்டுக் கேட்டு வாங்கும் பயிற்சிக்கு மட்டும் ஒதுக்குகிறோம். விண்ணப்பத் தாளில் ‘வேலையிடத்தில் உங்களுக்கு என்ன வசதி தேவை’ என்று ஒரு கட்டம் சேர்த்தோம். முதல் தடவை அநேகமாக எல்லோரும் அதை வெறுமையாக விட்டுவிட்டுக் கொடுத்தார்கள். அதனால் தாளை வாங்கும்போது ஒவ்வொருவரையும் தனியாக உட்கார வைத்து வாயால் கேட்கிறேன். நீரிழிவு ஊசி போட இடம் வேண்டும் என்று ஒருவன் சொன்னான். இரவு ஷிப்ட் முடிந்து போக பஸ் இல்லை என்று ஒருத்தி சொன்னாள். எழுதச் சொன்னபோது இரண்டு பேரும் ‘இல்லை’ என்றுதான் எழுதியிருந்தார்கள்.

போன மாதம் அவள் கூப்பிட்டாள். ஒரு தொழிற்சாலை லேப்பில் நேர்முகத் தேர்வு, உள்ளே போய் உட்கார்ந்ததுமே காது விஷயத்தைச் சொல்லிவிட்டாளாம், என்ன வேண்டும் என்பதையும் சேர்த்து. அவர்கள் குறித்துக்கொண்டார்கள். வேலை கிடைக்குமா என்று இன்னும் தெரியவில்லை.

“அம்மாகிட்ட சொல்லிட்டியா, வெளிய சொல்ல ஆரம்பிச்சதை?” என்று கேட்டேன்.

“இன்னும் இல்ல மேடம். அதுக்கு வாக்கியம் இன்னும் கெடைக்கல. தேடிட்டு இருக்கேன்.”